காட்டுத்தீயில் அழிந்த வீட்டைத் திரும்பக் கட்டுதல்: கலிபோர்னியாவின் கட்டட விதிகள், படிப்படியாக

2025 ஜனவரி 7ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மூண்ட பாலிசேட்ஸ் தீயும் ஈட்டன் தீயும் சேர்ந்து 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. அதற்கு முன், 2018 நவம்பரில் கேம்ப் தீ பாரடைஸ் நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் எரித்தபோது 18,000-க்கும் அதிகமான கட்டடங்கள் சாம்பலாயின. 85 பேர் உயிரிழந்தனர். 2017 அக்டோபரில் டப்ஸ் தீ, சான்டா ரோசாவில் காட்டை ஒட்டியும் இராத கோஃபி பார்க் குடியிருப்பைத் தரைமட்டமாக்கியது. அடுத்தடுத்து வந்த இப்பேரிடர்களால், எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கென்றே சட்டங்கள், ஆளுநர் ஆணைகள், உள்ளாட்சி விதிகள் எனப் பல அடுக்குகள் அம்மாநிலத்தில் சேர்ந்துவிட்டன. வீடிழந்த ஒருவர் அந்த அடுக்குகளை எந்த வரிசையில் கடக்க வேண்டும் என்பதே இவ்வழிகாட்டியின் பொருள்.

தொடங்குமுன் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். வீட்டை எங்கே, எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்று சொல்பவை திட்டமிடல் விதிகள். எந்தப் பொருளால், எந்த முறையில் கட்ட வேண்டும் என்று சொல்பவை கட்டுமான விதிகள். பேரிடருக்குப் பின் அரசு தளர்த்துபவை பெரும்பாலும் முதல் வகை விதிகளையே. இரண்டாம் வகையில், குறிப்பாகத் தீயெதிர்ப்பு குறித்த விதிகளில், தளர்வு கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. "பழைய வீட்டை அப்படியே கட்டிக்கொள்ளலாம்" என்று அதிகாரிகள் கூறும்போது, அளவிலும் இருப்பிடத்திலும் அப்படியே என்றுதான் பொருள். 1940-களில் எழுந்த வீட்டை 1940-களின் பலகைகளையும் ஒற்றைக் கண்ணாடிச் சன்னல்களையும் கொண்டு யாரும் திரும்பக் கட்ட முடியாது. இதை முதலிலேயே உணராதவர்களே வரைபடமும் செலவுக் கணக்கும் முடிந்த பிறகு திகைத்து நிற்கிறார்கள்.

முதற்படி: நிலம் யாருடைய ஆளுகையில், எந்த மண்டலத்தில் இருக்கிறது?

அஞ்சல் முகவரியில் உள்ள ஊர்ப்பெயரை நம்ப வேண்டாம். பசிபிக் பாலிசேட்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் மாநகரின் ஒரு பகுதி. அங்கே அனுமதி தருவது மாநகரின் கட்டட, பாதுகாப்புத் துறை. அதே தீயில் எரிந்த மாலிபு தனி நகராட்சி. டோபாங்காவின் வீடுகள் கவுண்டி நிர்வாகத்தின் நேரடி ஆளுகையில் உள்ளன. ஈட்டன் தீயில் பெருமளவு அழிந்த ஆல்ட்டடீனா எந்த நகராட்சியிலும் சேராத பகுதி என்பதால், அங்கும் கவுண்டியே அனுமதி அளிக்கிறது. எல்லைக்கு அப்பால் பாசடீனாவில் எரிந்த வீட்டுக்கோ அந்நகராட்சியை அணுக வேண்டும். கட்டணச் சலுகை, பரிசீலனைக் காலம், தற்காலிகக் குடியிருப்பு வண்டியை மனையில் நிறுத்தும் உரிமை ஆகியவை இந்த ஆளுகைக்கு ஏற்ப மாறும். பக்கத்துத் தெருக்காரர் பெற்ற சலுகை உங்களுக்கும் உண்டு என்று எண்ணிவிடுவது ஆபத்தானது.

அடுத்து, மாநிலத் தீயணைப்பு அமைப்பான கால் ஃபயர் வெளியிடும் தீ அபாய மண்டல வரைபடத்தில் மனை எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். நடுத்தரம், உயர், மிக உயர் என மண்டலங்கள் மூன்று. உள்ளாட்சிகளின் தீயணைப்புப் பொறுப்பில் உள்ள பகுதிகளுக்கு நெடுங்காலம் 'மிக உயர்' மண்டலம் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது; 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான புதிய வரைபடங்களில் மற்ற இரு மண்டலங்களும் சேர்ந்தன. எனவே தீக்கு முன் எந்த மண்டலத்திலும் இல்லாதிருந்த மனை இப்போது ஒன்றில் இருக்கக்கூடும். பழைய விற்பனை ஆவணத்தில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, இன்றைய வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

மண்டலத்துக்கு வெளியே இருந்தால் என்ன செய்வது? ஆல்ட்டடீனாவில் எரிந்த வீடுகளில் மிகப் பல பழைய வரைபடத்தின் 'மிக உயர்' மண்டலத்துக்கு வெளியேதான் இருந்தன. அந்த ஓர் உண்மையே விடையாகும்: விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும், பின்னர் விவரிக்கப்படும் தீயெதிர்ப்பு முறைகளின்படி கட்டுவதே அறிவுடைமை.

இரண்டாம் படி: இடிபாடும் மண்ணும்

இடிபாட்டை அகற்றும் பணி இரு கட்டங்களாக நடக்கும். முதலில் கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மின்கலங்கள், எரிவாயு உருளைகள், வேதிப்பொருள்கள் போன்ற அபாயப் பொருள்களை நீக்குகிறது. அதன்பின் சாம்பல், சிதைவு, அடித்தளம் ஆகியவற்றை அகற்ற, உரிமையாளர் நிலத்தில் நுழையும் அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டு அரசுத் திட்டத்தில் சேரலாம். அல்லது உரிமம் பெற்ற தனியார் ஒப்பந்ததாரரைக் கொண்டு, உள்ளாட்சியின் ஒப்புதலோடு, தம் செலவில் செய்துகொள்ளலாம். 2025 தீக்களுக்குப் பின் இரண்டாம் கட்டத்தை அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை நடத்தியது. எந்த வழியாயினும், பணி முடிந்ததற்கான சான்றிதழ் கைக்கு வராமல் கட்டட அனுமதி நகராது.

அரசுத் திட்டம் வீட்டின் சாம்பல் தடத்துக்கு அடியில் 6 அங்குலம் வரை மண்ணை எடுத்தது. ஆனால் முந்தைய பேரிடர்களில் வழக்கமாக இருந்தது போல, எடுத்த பிறகு மனைதோறும் மண்ணைச் சோதித்து உறுதிசெய்யும் வேலையை இம்முறை கூட்டரசு ஏற்கவில்லை. குடியிருப்பு மண்ணில் ஒரு கிலோவுக்கு 80 மில்லிகிராம் ஈயம் என்பது கலிபோர்னியா வைத்துள்ள எச்சரிக்கை அளவு. கவுண்டி பின்னர் எடுத்த மாதிரிகளில், ஆல்ட்டடீனாவின் சில பகுதிகளில் அதைத் தாண்டிய அளவுகள் கண்டறியப்பட்டன. ஈயம் கலந்த வண்ணப்பூச்சு 1978 வரை வீடுகளுக்கு விற்கப்பட்டதால், பழைய வீடுகள் நிறைந்த தெருவில் இது வியப்பன்று. அடித்தளக் குழி தோண்டும் முன், குறிப்பாகக் குழந்தைகள் விளையாடும் அல்லது காய்கறி பயிரிடும் இடங்களில், ஆய்வகச் சோதனை செய்துகொள்ளும் செலவு வீண் செலவாகாது.

பழைய கான்கிரீட் அடித்தளத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாமா என்று பலரும் கேட்பார்கள். கடும் வெப்பத்தில் கான்கிரீட்டின் வலிமை குறைகிறது. உள்ளிருக்கும் கம்பிகளும், சுவரை அடித்தளத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளும் பாதிக்கப்படுகின்றன. கண்ணுக்கு நன்றாகத் தெரிவது சான்றாகாது. கட்டமைப்புப் பொறியாளர் மாதிரி எடுத்துச் சோதித்து, இன்றைய நிலநடுக்க விதிகளுக்கும் அது போதுமானது என்று எழுதிக்கொடுத்தால் மட்டுமே அலுவலகம் ஏற்கும். பெரும்பாலான வீடுகளில் புதிய அடித்தளம் போடுவதே முடிவில் மலிவு.

மூன்றாம் படி: இல்லாத வீட்டை ஆவணத்தால் நிறுவுதல்

'முன்பிருந்தது போல' கட்டும் சலுகையைக் கேட்பவர், முன்பு இருந்தது எது என்பதை மெய்ப்பிக்க வேண்டும். வீட்டிலிருந்த வரைபடங்கள் வீட்டோடு எரிந்திருக்கும். ஆகவே கட்டடத் துறையின் ஆவணக் காப்பகத்திலிருந்து பழைய அனுமதிகளின் நகல், சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் உள்ள தளப்பரப்பு விவரம், வீடு வாங்கியபோது வங்கி எடுத்த மதிப்பீட்டு அறிக்கை, வான்வழிப் படங்கள், வீட்டு விற்பனை விளம்பரத்தில் வந்த நிழற்படங்கள் என அனைத்தையும் திரட்ட வேண்டும். இவற்றுள் அனுமதி ஆவணத்துக்கே முதல் மதிப்பு. மதிப்பீட்டு அலுவலகத்தின் கணக்கில் இருப்பதாலேயே ஓர் அறை சட்டப்படி கட்டப்பட்டதாகிவிடாது. முந்தைய உரிமையாளர் அனுமதியின்றிச் சேர்த்த அறையோ, வாகனக் கொட்டகையை மாற்றி அமைத்த படுக்கையறையோ பழைய பரப்பில் சேராமல் போகலாம். இது தெரியவருவது வலி தரும் செய்திதான். ஆயினும் வரைபடக்காரருக்குப் பணம் கொடுக்கும் முன்பே தெரிந்துவிட்டால் இழப்பு குறையும்.

இதே கட்டத்தில் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைகளை அளக்கச் செய்ய வேண்டும். வேலியும் மரமும் எரிந்துபோன தெருவில் எல்லை எது என்று இரு வீட்டாருக்கும் தெரியாது.

நான்காம் படி: இரு பாதைகளுள் ஒன்றைத் தேர்தல்

முன்பிருந்தது போலவே கட்டுவது ஒரு பாதை; விரும்பிய வடிவில் புதிதாகக் கட்டுவது மற்றொன்று. மற்ற எல்லா முடிவுகளும் இந்தத் தேர்வைப் பொறுத்தே அமைகின்றன. 2025 ஜனவரி 12 அன்று ஆளுநர் கேவின் நியூசம் பிறப்பித்த ஆணை, எரிந்த கட்டடத்தைப் பெரும்பாலும் அதே இடத்தில், முன்பிருந்த அடித்தடத்திலும் (கட்டடம் தரையில் அடைக்கும் பரப்பு) உயரத்திலும் 110 விழுக்காட்டுக்கு மிகாமல் கட்டுபவருக்கு, மாநிலச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் ஆய்வையும் கடற்கரைச் சட்டத்தின் அனுமதியையும் நிறுத்திவைத்தது. மறுநாள் லாஸ் ஏஞ்சலஸ் மேயர் கேரன் பாஸ் வெளியிட்ட ஆணையும் அதே வரம்பை ஏற்று, இத்தகைய விண்ணப்பங்களின் பரிசீலனையை 30 நாட்களுக்குள் முடிக்குமாறு துறைகளைப் பணித்தது. இந்தப் பத்து விழுக்காடு புதிய கற்பனையன்று. பேரிடரில் அழிந்த கட்டடத்தைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் பெரிதாக்காமல் கட்டினால் தனி அனுமதி வேண்டாம் என்பது கடற்கரைச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்த விலக்கு.

எதை அளக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அடித்தடம், தளப்பரப்பு, உயரம், பருமன் ஆகிய சொற்கள் ஒன்றல்ல. ஆணைக்கு ஆணை அவை மாறுகின்றன. தளப்பரப்பை அளவுகோலாகக் கொண்டால், 2,000 சதுர அடி வீட்டுக்கு 2,200 சதுர அடி வரை இடமுண்டு. ஆனால் ஒரு மாடி வீட்டை இரண்டு மாடியாக்கினால், பரப்பு வரம்புக்குள் இருந்தாலும் உயரம் வரம்பை மீறிவிடும்.

முன்பிருந்தது போலவே கட்டும் பாதையின் பெரும் பயன் வேகம் மட்டுமன்று. பழைய வீடு பக்கத்து எல்லைக்கு மிக அருகில் இருந்து, இன்றைய விதி அதைவிட அதிக இடைவெளி கேட்டாலும், முன்பிருந்த இடத்திலேயே கட்டும் உரிமை இதில் கிடைக்கிறது. குறுகிய மனைகளிலும் மலைச்சரிவுகளிலும் இவ்வுரிமை இல்லாவிட்டால் கட்டவே முடியாத நிலை வரலாம். மற்றப் பாதையைத் தேர்ந்தவர் விரும்பிய வடிவில் கட்டலாம். ஆனால் இன்றைய மண்டல விதி, பக்க இடைவெளி, சரிவு நில விதி, சில இடங்களில் பொது விசாரணை என அனைத்தையும் கடக்க வேண்டும்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய இடத்திலேயே கட்டும் உரிமையை முழுவதும் பயன்படுத்துவது எப்போதும் நன்மையன்று. நெருக்கமான குடியிருப்பில் ஒரு வீடு எரியத் தொடங்கிவிட்டால், அதன் வெப்பமே அடுத்த வீட்டைப் பற்றவைக்கிறது. எரிந்த அண்டை வீட்டுக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பது, பாரடைஸில் ஒரு வீடு தப்பியதா இல்லையா என்பதைப் பெரிதும் தீர்மானித்தது. மனையில் இடமிருந்தால் சுவரைச் சில அடி உள்ளே தள்ளுவது, விலையுயர்ந்த எந்தப் பூச்சையும்விடப் பயன் தரும். கலிபோர்னியாவின் குடியிருப்பு விதியே, எல்லையிலிருந்து 5 அடிக்குள் வரும் வெளிச்சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்கிறது. தானியங்கி நீர்த்தெளிப்பான் உள்ள வீட்டுக்கு அந்த வரம்பு 3 அடி.

ஐந்தாம் படி: காப்பீட்டுப் பத்திரத்தை வரைபடக்காரருக்கு முன் படித்தல்

பழைய வீட்டின் மதிப்புக்குக் கிடைக்கும் தொகை புதிய விதிகளால் கூடும் செலவை ஈடுசெய்யாது. அதற்கெனப் பத்திரத்தில் 'கட்டட விதி மேம்பாடு' அல்லது 'ஆணை, சட்டம்' என்ற பெயரில் தனிப் பிரிவு இருக்கிறதா, அது வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் எத்தனை விழுக்காடு என்று பார்க்க வேண்டும். நீர்த்தெளிப்பான், டெம்பர்டு கண்ணாடி (சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடி), நிலநடுக்கப் பிணைப்புகள், மின்சிக்கனக் காப்புறைகள் ஆகியவற்றின் கூடுதல் செலவு இப்பிரிவிலிருந்தே வரும். அதுவும் செலவழித்த பின்புதான் பெரும்பாலும் வரும். ஆகவே செலவு மதிப்பீட்டைத் தயாரிக்கும்போதே, பழையதை அப்படியே கட்டும் செலவு, விதி கட்டாயப்படுத்தும் கூடுதல் செலவு, உரிமையாளர் தாமாக விரும்பும் கூடுதல் செலவு என்று மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதித் தரும்படி கேட்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துடன் நடக்கும் வாதங்களில் பாதி இப்பிரிவினை இல்லாததால்தான் நீள்கிறது.

நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட பேரிடரில், தேய்மானம் கழித்த மதிப்புக்கான முதல் தொகை வந்த நாளிலிருந்து, முழு மாற்று மதிப்பைப் பெறக் குறைந்தது 36 மாதங்கள் தரப்பட வேண்டும் என்பது மாநிலக் காப்பீட்டுச் சட்டம். வாடகை உள்ளிட்ட கூடுதல் வாழ்க்கைச் செலவுக்குக் குறைந்தது 24 மாதங்கள். உரிமையாளரின் கையில் இல்லாத காரணங்களால் தாமதமானால் மேலும் 12 மாதங்கள் வரை நீட்டிக்கக் கேட்கலாம். அதே மனையில் கட்டாமல் வேறிடத்தில் வீடு வாங்கவும் அந்தத் தொகையைப் பயன்படுத்த உரிமை உண்டு. இந்தக் காலக்கெடுக்களைக் கட்டட அனுமதியின் காலக்கெடுவோடு ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஆறாம் படி: தீயெதிர்ப்புக் கட்டுமான விதிகள்

கலிபோர்னியக் கட்டட விதித்தொகுப்பின் 7ஏ அத்தியாயம் 2008 முதல் தீ அபாய மண்டலங்களில் புதிய வீடுகளுக்குக் கட்டாயமானது. 2026 ஜனவரி 1 முதல் அதன் உள்ளடக்கம் காட்டையும் குடியிருப்பையும் ஒட்டிய பகுதிகளுக்கான தனித் தொகுப்பாகப் பிரித்து வெளியிடப்பட்டிருக்கிறது. விண்ணப்பம் பதிவாகும் நாளில் நடைமுறையில் உள்ள பதிப்பே பொதுவாகப் பொருந்தும் என்பதால், எந்தப் பதிப்பின்படி பரிசீலிக்கிறார்கள் என்பதை அலுவலகத்திடம் எழுத்து வடிவில் கேட்டு வாங்க வேண்டும்.

விதியால் பயன் உண்டா என்று ஐயுறுபவர்களுக்கு ஒரு கணக்கு. கேம்ப் தீயின் பாதையில் இருந்த தனி வீடுகளில், 2008-க்குப் பின் கட்டப்பட்டவற்றில் ஏறத்தாழப் பாதி சேதமின்றித் தப்பின; அதற்கு முன் கட்டப்பட்டவற்றில் ஐந்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை. புதிய வீடுகள் வேறு காரணங்களாலும் தப்பியிருக்கலாம், பாதி வீடுகள் எரிந்தும் போயின. ஆனாலும் வேறுபாடு பெரியது.

இவ்விதிகளைப் புரிந்துகொள்ள, வீடு எப்படிப் பற்றுகிறது என்று தெரிய வேண்டும். நெருப்புச் சுவராகக் காட்டுத்தீ வந்து வீட்டை விழுங்குவது குறைவு. காற்றில் வெகுதூரம் பறந்துவரும் கங்குகள் கூரை மூலையிலும், காற்றுத் துவாரத்திலும், சுவரடிச் சருகிலும் தங்கி, சிறிது நேரம் கனன்று, பிறகு பற்றுவதே மிகுதி. அதனால்தான் விதியின் பெரும்பகுதி சிறு இடுக்குகளைப் பற்றிப் பேசுகிறது.

கூரையிலிருந்து தொடங்கலாம். தீயெதிர்ப்புச் சோதனையில் உயர்ந்த நிலையான 'ஏ' வகைக் கூரை வேண்டும்; கான்கிரீட் ஓடு, களிமண் ஓடு, உலோகத் தகடு, பெரும்பாலான கண்ணாடியிழை ஆஸ்பால்ட் தகடுகள் ஆகியன இதில் அடங்கும். 1991 அக்டோபரில் ஓக்லாந்து குன்றுகளில் ஏறத்தாழ 2,900 கட்டடங்கள் எரிந்தபோது மரச்சில்லுக் கூரைகளின் அபாயம் நாடறிந்ததாயிற்று. ஆனால் வளைந்த ஓடு போட்டுவிட்டால் போதாது: ஓட்டின் திறந்த முனைகள் வழியே பறவைகள் நுழைந்து கூடுகட்டும், அதே வழியில் கங்கும் நுழையும், எனவே அம்முனைகளை எரியாப் பொருளால் அடைக்க வேண்டும். இரு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்தில் சருகு சேரும் என்பதால் அங்கே உலோகத் தகடும் அதன் அடியில் தாதுப்பூச்சுள்ள விரிப்பும் தேவை. மழைநீர்ப் பீலியில் இலை தங்காதபடி மூடி இருக்க வேண்டும். அந்த மூடியும் பீலியும் பிளாஸ்டிக்காக இல்லாமல் உலோகமாக இருப்பதே பொருத்தம்.

காற்றுத் துவாரங்கள்தாம் இவ்விதிகளின் உயிர்நாடி. கூரைவெளியும் தரைக்கு அடியிலுள்ள வெற்றிடமும் ஈரம் சேராமலிருக்கக் காற்று வேண்டும். காற்று நுழையும் இடத்தில் கங்கும் நுழையும். வலையின் துளை 1/16 அங்குலத்துக்குக் குறையாமலும் 1/8 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். வலை எரியாததாகவும் துருப்பிடிக்காததாகவும் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் கால் அங்குலத் துளை இருந்தது; அதன் வழியே கங்கு தாராளமாகப் புகுந்தது. வலை மட்டும் போதாத இடங்களில், கங்கையும் தீச்சுடரையும் தடுப்பதாகச் சோதிக்கப்பட்டு மாநிலத் தீயணைப்புத் தலைவரின் பட்டியலில் இடம்பெற்ற துவாரங்களையே பொருத்த வேண்டும். வெப்பம் பட்டதும் வீங்கி மூடிக்கொள்ளும் வகையும் இவற்றுள் உண்டு. விலை வேறுபாடு வீட்டின் மொத்தச் செலவில் அற்பமானது. கட்டுமானத் தளத்தில் இருப்பு இல்லை என்று சாதாரண துவாரத்தைப் பொருத்திவிடுவதும் நடக்கிறது. ஆகவே வரைபடத்தில் தயாரிப்பின் பெயரும் மாதிரி எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். துவாரமே இல்லாமல் கூரைவெளியை முழுவதும் காப்புறையிட்டு மூடும் முறையையும் பொறியாளரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கூரையின் நீட்டிய தாழ்வாரத்தின் அடிப்புறத்தை மூடிவிட வேண்டும். திறந்த கைமரங்களுக்கு இடையே வெப்பமும் சுடரும் சிக்கிக்கொள்ளும். வெளிச்சுவர் எரியாப் பொருளாலோ, எளிதில் பற்றாத பொருளாலோ, நேரடிச் சுடரைப் பத்து நிமிடம் தாங்கும் சோதனையில் தேறிய அமைப்பாலோ இருக்கலாம். சிமென்ட் பூச்சு, சிமென்ட் நார்ப்பலகை, செங்கல் ஆகியன எளிய வழிகள். சுவரின் அடிப்பகுதியில் மரப்பலகை தரையைத் தொடாமல் இருப்பது முக்கியம். அங்கேதான் கங்கு குவியும்.

சன்னல் குறித்துப் பலர் அதன் சட்டகத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்; உண்மையில் முதலில் உடைவது கண்ணாடி. கண்ணாடி உடைந்தால் வீட்டின் உள்ளே கங்கு மழை பொழியும். ஆகவே இரு அடுக்குக் கண்ணாடியில் ஒன்றாவது டெம்பர்டு கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச விதி; அண்டை வீடு அருகில் இருந்தால் இரண்டையும் அவ்வாறே கேட்பது நலம். வெளிக்கதவு எரியாப் பொருளாகவோ கனமான திடமரமாகவோ இருக்க வேண்டும். வாகனக் கொட்டகைக் கதவின் ஓர இடைவெளி 1/8 அங்குலத்துக்கு மிகக் கூடாது. டெக் எனப்படும் வெளித் தளங்களில், வீட்டிலிருந்து 10 அடிக்குள் வரும் நடைபரப்புக்குச் சோதனையில் தேறிய பொருள் வேண்டும். தளத்துக்கு அடியில் பொருள்களைக் குவித்து வைக்கும் பழக்கத்தை எந்த விதியாலும் தடுக்க முடியவில்லை.

இவை எல்லாம் செலவை இரட்டிப்பாக்கிவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. மொன்டானாவைச் சேர்ந்த ஹெட்வாட்டர்ஸ் எகனாமிக்ஸ் என்ற ஆய்வமைப்பு 2018இல் ஒரு மாதிரி வீட்டை வைத்து ஒப்பிட்டபோது, தீயெதிர்ப்பு வீட்டின் செலவும் சாதாரண வீட்டின் செலவும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தன: கூரைக்கும் வெளித் தளத்துக்கும் கூடிய செலவை, மரப்பலகைக்குப் பதிலாகச் சிமென்ட் நார்ப்பலகை போட்டதில் மிஞ்சியது ஈடுசெய்தது.

ஏழாம் படி: சுவரைச் சுற்றி ஐந்தடி

கலிபோர்னியச் சட்டம் தீ அபாயப் பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை தாவரங்களைக் கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்கிறது. 2020இல் இயற்றப்பட்ட சட்டம் சுவரிலிருந்து முதல் 5 அடியைக் கங்கெதிர்ப்பு வட்டமாகத் தனியே பிரித்து, அதற்கான விதிகளை வகுக்கும் பொறுப்பை மாநில வன வாரியத்திடம் ஒப்படைத்தது. பச்சைச் செடியையும் நீக்க வேண்டுமா என்பதில் கடுமையான வாதம் நடந்தது. தோட்டத்தை நேசிப்பவர்களின் எதிர்ப்பும் பொருளற்றதன்று. ஆனால் வெறும் மனையில் புதிதாகக் கட்டுபவருக்கு இந்த வாதம் பெரிய சிக்கலே இல்லை: பிடுங்குவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. சுவரோரம் சரளைக்கல் அல்லது கான்கிரீட் நடைபாதையை வரைபடத்திலேயே காட்டிவிடலாம். வீட்டைத் தொடும் வேலியின் கடைசி 5 அடியும் வாயிற்கதவும் உலோகமாக இருக்கட்டும். மரவேலி வழியாகத் தீ நேராக வீட்டுக்கு வந்துசேரும்.

எட்டாம் படி: தண்ணீர், பாதை, கழிவுநீர்

2011 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் புதிதாகக் கட்டும் ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளுக்கு ஸ்பிரிங்க்ளர் எனப்படும் தானியங்கி நீர்த்தெளிப்பான் கட்டாயம். இது வெளித்தீயைத் தடுக்க அமைந்ததன்று, உள்ளே மூளும் தீயிலிருந்து ஆளைக் காப்பதற்கு. ஆனால் அதற்குப் பெரிய தண்ணீர் மீட்டரும் சேவைக் குழாயும் தேவைப்படலாம். ஆல்ட்டடீனாவில் சிறு தண்ணீர் நிறுவனங்கள் தனித்தனியே பகுதிகளுக்கு நீர் வழங்குவதால், எந்த நிறுவனம், எவ்வளவு அழுத்தம் தர முடியும் என்று எழுத்தில் வாங்கிய பின்பே தெளிப்பான் வடிவமைப்பைத் தொடங்க வேண்டும். தீயணைப்பு வண்டி நின்று, குழாயை இழுத்து, வெளிச்சுவரின் எந்தப் பகுதியையும் 150 அடிக்குள் எட்ட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நீண்ட தனிவழிப்பாதை உள்ள மனைகள் இதில் சிக்கும். மாலிபு போன்ற இடங்களில் கழிவுநீர்த் தொட்டி தீயில் தப்பியதா, இன்றைய விதிக்குப் பொருந்துமா என்பதைச் சுகாதாரத் துறை சரிபார்க்கும்.

ஒன்பதாம் படி: விண்ணப்பம், ஒப்பந்தம்

மனைப்படம், கட்டமைப்புக் கணக்கு, மின்சிக்கனக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். சரிவு நிலத்தில் மண் பொறியியல் அறிக்கையும் வேண்டும். முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற மாதிரி வரைபடங்களை உள்ளாட்சிகள் வைத்திருக்கின்றன. பழைய வீட்டின் வடிவில் பற்று இல்லாதவருக்கு இது காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும். பரிசீலனையில் வரும் திருத்தக் குறிப்புகளுக்கு ஒவ்வொன்றாக, எந்தத் தாளில் திருத்தினோம் என்று குறித்து மறுமொழி தருவதே அடுத்த சுற்றைத் தவிர்க்கும் வழி.

ஒப்பந்ததாரரின் உரிமம் நடப்பில் உள்ளதா என்று மாநில உரிம வாரியத்தின் பதிவில் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. பேரிடரில் அழிந்த வீட்டைத் திரும்பக் கட்டும் ஒப்பந்தத்தில் முன்பணம் 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு, இவற்றுள் எது குறைவோ அதற்கு மிகக் கூடாது என்பது சட்டம். பெருந்தொகையை முன்கூட்டியே கேட்பவர் சட்டத்தை அறியாதவராகவோ மீறுபவராகவோதான் இருப்பார். பணம் முடிந்த வேலைக்கு ஏற்பத் தவணையாகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு தவணையிலும் துணை ஒப்பந்ததாரர்களிடமிருந்து சொத்தின் மீது உரிமை கோர மாட்டோம் என்ற விடுவிப்புக் கடிதத்தை வாங்க வேண்டும்.

பத்தாம் படி: ஆய்வும் குடியேறும் சான்றும்

அடித்தளக் கம்பி, சட்டகம், மின்சாரம், குழாய், காப்புறை எனக் கட்டந்தோறும் ஆய்வாளர் வருவார். தீயெதிர்ப்பு விவரங்களில் பல, பூச்சு ஏறிய பின் கண்ணுக்குத் தெரியாதவை. ஓட்டு முனை அடைப்பு, பள்ளத் தகடு, தாழ்வாரத் துவாரம் ஆகியவற்றை மூடுமுன் உரிமையாளரே தேதியோடு படமெடுத்து, பொருள்களின் சோதனைச் சான்றுகளோடு சேர்த்து வைக்க வேண்டும். இறுதி ஆய்வு முடிந்து குடியேறும் சான்று வந்த பிறகே காப்பீட்டு நிறுவனத்திடம் மீதித் தொகையைக் கோர முடியும். கலிபோர்னியாவில் 2022இல் வந்த ஒழுங்குமுறையின்படி, தீத்தடுப்பு நடவடிக்கை எடுத்த வீடுகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத் தள்ளுபடி தர வேண்டும். மேற்சொன்ன படங்களும் சான்றுகளும் அதற்கும் ஆதாரமாகும்.

எஞ்சுவது சொத்து வரி. பேரிடரால் குறைந்தது 10,000 டாலர் அளவுக்குச் சேதமடைந்த சொத்தின் மதிப்பைக் குறைக்கக் கோரும் விண்ணப்பத்தைச் சேதம் நிகழ்ந்த 12 மாதங்களுக்குள் மதிப்பீட்டு அலுவலகத்தில் அளிக்க வேண்டும். முன்பிருந்த வீட்டுக்கு ஏறத்தாழ நிகராகக் கட்டியவர்கள் பழைய வரி மதிப்பையே தக்கவைத்துக்கொள்ளலாம். மிகையான பரப்புக்கு மட்டும் புதிய மதிப்பு சேரும். நான்காம் படியில் வீட்டின் அளவை முடிவு செய்யும்போதே இந்த வரிக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் குறைந்த விலைக்கு வீடு வாங்கியவர்களுக்கு, ஒவ்வோர் ஆண்டும் கட்டும் வரியில் அந்த வேறுபாடு கணிசமாகத் தெரியும்.